'விட' என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: ஒப்பிட்டுப் பேச முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் பிறந்து வளர்ந்தவர்கள் என எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். துணிக்கடை, ஹோட்டல் ரிசப்ஷன், கால் சென்டர் என்று வேலைகள் வேறு. தடுமாறுகிற இடம் மட்டும் ஒன்றுதான்: இரண்டை ஒப்பிடும் இடம்.

பள்ளியில் 'டால், டாலர், டாலஸ்ட்' என்று ஒப்பித்தவர்கள்தான் அத்தனை பேரும். ஆனாலும் சிக்பேட்டையில் பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை வகுப்பில் சொன்னாள்: வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது நல்லது என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். 'திஸ் ஒன் மோர் பெட்டர்' என்று இவள் வாயில் வந்துவிட்டது. சொன்ன உடனே தப்பு என்று தெரிந்தது. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை.

பட்டியலை முதலில் மனப்பாடம் செய்து, வாக்கியத்தைக் கடைசியில் கட்டப் பார்க்கிறோம். சிக்கல் அங்கேதான். கீழே இருப்பது நேர்மாறான வரிசை. தாண்டிப் படிக்காமல் ஒவ்வொரு படியாக வாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

'ஐ ஆம், ஹீ இஸ், தே ஆர்' தடுமாற்றமில்லாமல் வர வேண்டும். வராவிட்டால் அதற்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டு இங்கே திரும்புங்கள். இல்லையென்றால் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

நீங்கள் தினமும் பேசுவதில் வருகிற இருபது பெயரடைகளை, அதாவது பெரிய, சூடான, விலை அதிகமான, பிஸியான மாதிரிச் சொற்களை, ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். புத்தகப் பட்டியல் வேண்டாம். உங்கள் வேலையில் வருகிற சொற்களாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. ஆங்கில வாக்கியங்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். காதும் வாயும்தான் முதலில் பழக வேண்டும். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

1. 'விட' எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

'சென்னையைவிட பெங்களூர் குளிர்ச்சி.' இந்த வாக்கியத்தில் ஒப்பீட்டைச் சொல்வது எது? சென்னையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'விட' ஒன்றுதான். 'குளிர்ச்சி' மாறவே இல்லை. ஒப்பிட்டாலும் குளிர்ச்சி, ஒப்பிடாவிட்டாலும் குளிர்ச்சி.

கன்னடம் தெரிந்தவர்கள் கவனித்துப் பாருங்கள். அங்கே 'கிந்த' செய்வதும் இதே வேலைதான். இந்தியில் 'சே'. ஆகவே மூன்று மொழி பேசுகிற பெங்களூர்க்காரருக்குக்கூட பெயரடையை மாற்றுகிற பழக்கம் எங்கிருந்தும் வந்திருக்காது. இது உங்கள் மூளையின் குறை அல்ல. நம் மொழிகளில் அந்த வேலையே கிடையாது.

ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். பெயரடை மாற வேண்டும், 'விட'வுக்குப் பதில் 'தேன்' என்ற சொல்லும் வர வேண்டும்: 'பெங்களூர் இஸ் கூலர் தேன் சென்னை.' வரிசையும் தலைகீழ். தமிழில் அளவுகோலான சென்னை முதலில் வந்தது, ஆங்கிலத்தில் அது கடைசிக்குப் போய்விட்டது.

2. சொல்லை விடுங்கள், முதலில் சட்டத்தைப் போடுங்கள்

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் 'எது', இரண்டாவது 'இஸ் அல்லது ஆர்', மூன்றாவது 'எப்படி', நான்காவது 'தேன்', ஐந்தாவது 'எதைவிட'. பெயரடையின் சரியான வடிவம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட்டு மற்ற நான்கையும் நிரப்புங்கள். சட்டம் நிற்காமல் சொல்லைத் தேடினால் வாய் தமிழ் வரிசைக்கே திரும்பிவிடும்.

ஒவ்வொரு புது வகுப்பிலும் மேஜையில் ஓர் ஏலக்கிப் பழமும் ஒரு பச்சை வாழைப்பழமும் வைப்பேன். ஏலக்கி சின்னது, இனிப்பு கூட, கிலோ விலையும் கூட. பச்சைப்பழம் நீளம், கனம். பெங்களூரில் இது தெரியாதவர் இல்லை. பொருளைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, மொழி மட்டும்தான் பாக்கி. 'ஏலக்கி இஸ் ... தேன் பச்சைப்பழம்' என்று நடுவில் ஒரு விநாடி நிறுத்தி எல்லாரும் சொல்வோம். பத்து தடவை சொன்ன பிறகுதான் அந்த இடைவெளியில் 'ஸ்மாலர்' வரும், 'ஸ்வீட்டர்' வரும்.

இந்தப் படியில் அதிகம் விழும் பிழை இரண்டாம் கட்டம் காணாமல் போவது. 'மெட்ரோ ஃபாஸ்டர் தேன் பஸ்' என்பார்கள். தமிழில் 'மெட்ரோ பஸ்ஸைவிட வேகம்' என்பது முழு வாக்கியம், வினைச்சொல் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது: 'தி மெட்ரோ இஸ் ஃபாஸ்டர் தேன் தி பஸ்.'

எழுதும்போது இன்னொன்று. 'விட' என்ற பொருளுக்கு டி, எச், ஏ, என். 'அப்புறம்' என்ற பொருளுக்கு டி, எச், ஈ, என். வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்று போலவே கேட்கும், எழுத்தில் மாட்டிவிடும். வேலைக்கான மெயில்களில் நான் அதிகம் திருத்துகிற பிழை இதுதான்.

3. தாடையை எண்ணுங்கள்

இப்போது மூன்றாம் கட்டம். 'அர்' ஒலி சேர்ப்பதா, முன்னால் 'மோர்' போடுவதா? சொல்லின் நீளம்தான் முடிவு செய்யும். தாடைக்குக் கீழே கையை வைத்துச் சொல்லைச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை தட்டு.

ஒரு தட்டு என்றால் 'அர்': ஸ்மாலர், சீப்பர், ஓல்டர். மூன்றும் அதற்கு மேலும் என்றால் 'மோர்': மோர் எக்ஸ்பென்ஸிவ், மோர் கம்ஃபர்டபிள். நீளமான சொல்லோடு இன்னொரு ஒலி சேர்ந்தால் நாக்குச் சிக்கும், அதனால் தனிச்சொல் முன்னால் வருகிறது என்று நினைவில் வையுங்கள்.

இங்கே தமிழருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. நாம் பேசும்போது ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒரு 'உ' சேர்த்துவிடுவோம்: பஸ்ஸு, லைட்டு, பிக்கு, சீப்பு. அதை எண்ணினால் இரண்டு தட்டு வரும், உடனே 'மோர் பிக்' என்று வாய் போகும். உதட்டையும் நாக்கையும் மூடிச் சொல்லை அங்கேயே முடித்துவிட்டு எண்ணுங்கள். 'பிக்' ஒரே தட்டு.

இரண்டு தட்டுச் சொற்களில்தான் கவனம் வேண்டும். வரிசையாக மூன்று கேள்வி கேளுங்கள்.

கடைசி எழுத்து 'ஒய்'யா? அப்படியானால் 'அர்'தான்: ஈஸியர், பிஸியர், ஹெவியர், டேஸ்டியர்.

'இங்' அல்லது 'ஈடி'யில் முடிகிறதா? எப்போதும் 'மோர்': மோர் போரிங், மோர் கிரவுடட், மோர் வொரீட். ஒரே தட்டாக ஒலிக்கும் 'போர்ட்', 'டயர்ட்' இரண்டுக்கும் இதுவே. சாயங்காலம் ஆறரை மணிக்கு மெஜஸ்டிக்கில் இறங்குகிறவருக்கு 'மோர் கிரவுடட்' தேவைப்படாத நாளே இல்லை.

இரண்டும் இல்லையா? 'மோர்' போட்டுவிடுங்கள்: மோர் மாடர்ன், மோர் யூஸ்ஃபுல், மோர் ஃபேமஸ். 'சிம்பிள், கிளெவர், கொயட், நேரோ' போன்ற சில சொற்கள் இரண்டு விதமாகவும் வரும். 'சிம்ப்ளர்', 'கொயட்டர்' என்பதே அதிகம் காதில் விழும், ஆனால் 'மோர்' போட்டதற்காக யாரும் உங்களைத் திருத்த மாட்டார்கள். பேச்சு நிற்காமல் போவதுதான் பெரிது.

4. எழுதும்போது என்ன மாறும்

பேச மட்டும் போகிறவர்கள் இதைப் பிறகு படிக்கலாம். தேர்வும் மெயிலும் எழுதுகிறவர்களுக்கு அவசியம்.

ஏற்கெனவே 'ஈ'யில் முடிந்தால் 'ஆர்' மட்டும் சேருங்கள்: லார்ஜர், நைஸர். மெய்யெழுத்துக்குப் பிறகு 'ஒய்' வந்து முடிந்தால் அந்த 'ஒய்' பெரும்பாலும் 'ஐ' ஆகும்: ஈஸியர் என்பது ஈ, ஏ, எஸ், ஐ, ஈ, ஆர்.

ஒரே உயிரெழுத்தும் அதன் பின் ஒரே மெய்யெழுத்தும் கொண்டு முடியும் ஒரு தட்டுச் சொல்லில் கடைசி எழுத்து இரட்டிக்கும்: பிக்கரில் இரண்டு ஜி, ஹாட்டரில் இரண்டு டி, தின்னரில் இரண்டு என். ஏன் என்று தெரிந்தால் மறக்காது. ஒரே எழுத்து விட்டால் முன்னால் இருக்கும் உயிர் நீண்டு ஒலிக்கும். 'டின்னர்' என்ற சாப்பாட்டில் இரண்டு என். ஒன்றை எடுத்துவிட்டால் அது 'டைனர்' ஆகிவிடும். குறில் குறிலாகவே நிற்க அந்த இரண்டாவது எழுத்து காவல்.

'சீப்' சொல்லில் உயிர் இரண்டு, 'கோல்ட்' சொல்லில் கடைசியில் மெய் இரண்டு, இவை இரட்டிக்காது. 'டபிள்யூ' எழுத்தும் இரட்டிக்காது: ஸ்லோயர், நியூயர்.

5. விதிக்குள் வராதவை

குட் என்பது பெட்டர். பேட் என்பது வர்ஸ். ஃபார் என்பது ஃபார்தர் அல்லது ஃபர்தர். லிட்டில் என்பது லெஸ். மச், மெனி இரண்டும் மோர். இவ்வளவுதான், இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அண்ணனைச் சொல்லும்போது 'மை எல்டர் பிரதர்' சரி. ஆனால் 'தேன்' வந்துவிட்டால் 'எல்டர்' வராது: 'ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ.' அண்ணன், அக்கா என்று தனிச்சொல் வைத்திருக்கிற நமக்கு 'எல்டர்' வாயில் ஒட்டிக்கொள்கிறது.

6. 'மோர் பெட்டர்' ஏன் வருகிறது

புடவைக் கடைத் தங்கையிடம் திரும்புவோம். அவள் மனதில் ஓடியது 'இது இன்னும் நல்லா இருக்கும்' என்ற தமிழ் வாக்கியம். 'இன்னும்' என்பதற்கு 'மோர்', 'நல்லா' என்பதற்கு 'பெட்டர்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தாள். ஆனால் 'பெட்டர்' என்ற சொல்லுக்குள் 'இன்னும்' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஓர் அடையாளம் போதும். 'அர்' இருந்தால் 'மோர்' வேண்டாம், 'மோர்' இருந்தால் 'அர்' வேண்டாம். அவள் சொல்ல வேண்டியது 'திஸ் ஒன் இஸ் பெட்டர்.' எதைவிட என்பது இருவர் கண்முன்னாலும் இருக்கும்போது 'தேன்' கூடத் தேவையில்லை.

கடையில் நிற்கிறவர்களுக்கு இன்னொன்று. 'திஸ் ரேட் இஸ் காஸ்ட்லியர்' என்று சொல்லாதீர்கள். புடவைதான் காஸ்ட்லி, விலை காஸ்ட்லி ஆகாது. விலைக்கு 'ஹையர்', 'லோயர்': 'தி பிரைஸ் இஸ் லோயர்.' 'சீப்பர்' என்ற சொல்லுக்கு மட்டமானது என்ற வாடையும் உண்டு. பட்டுப்புடவையை எடுத்துக் காட்டும்போது 'லெஸ் எக்ஸ்பென்ஸிவ்' என்பது மரியாதையாக இருக்கும்.

7. 'ரொம்ப', 'கொஞ்சம்' எங்கே வைப்பது

'ரொம்பப் பெரிசு' என்றால் 'வெரி பிக்.' அந்தப் பழக்கத்தில் 'வெரி பிக்கர்' வந்துவிடும். 'வெரி' என்ற சொல் ஒப்பீட்டு வடிவத்தோடு சேராது. அதன் இடத்தில் 'மச்', 'ஃபார்', பேச்சில் 'எ லாட்' போடுங்கள். கொஞ்சம் என்றால் 'எ லிட்டில்' அல்லது 'எ பிட்.' 'இன்னும் கூட' என்று அழுத்த வேண்டுமானால் 'ஈவன்.'

எண்களை வைத்துப் பழகினால் எது 'மச்', எது 'எ லிட்டில்' என்று கைக்கு வரும். நந்தி மலையின் உயரம் 1478 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம்: 'தொட்டபெட்டா இஸ் மச் ஹையர் தேன் நந்தி ஹில்ஸ்.' பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர், மைசூர் சுமார் 145: 'மைசூர் இஸ் ஃபார் மோர் டிஸ்டன்ட் தேன் ஓசூர்' என்று இறுக்கமாகச் சொல்லத் தேவையில்லை, 'மச் ஃபார்தர்' போதும். உங்கள் உயரத்தையும் தம்பி உயரத்தையும் வைத்து 'எ லிட்டில் டாலர்' சொல்லிப் பாருங்கள்.

8. 'தேன்' தாண்டிய பிறகு வரும் பிழைகள்

வாக்கியத்தின் முன்பாதி சரியாக வந்துவிட்டால் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் பின்பாதி கெட்டுவிடும்.

முதலாவது, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. 'தி ரென்ட் இன் இந்திராநகர் இஸ் ஹையர் தேன் ஸ்ரீராமபுரம்' என்றால் வாடகையை ஓர் ஏரியாவோடு ஒப்பிட்டதாகிவிடும். வாடகைக்கு வாடகைதான் ஜோடி: 'தேன் இன் ஸ்ரீராமபுரம்' என்று ஓர் 'இன்' சேர்த்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, 'மற்ற' என்ற சொல். 'பெங்களூர் இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் கர்நாடகா' என்று சொன்னால் பெங்களூர் தன்னைவிடவே பெரிசாகிவிடும், அதுவும் கர்நாடகத்து நகரம்தானே. 'எனி அதர் சிட்டி' என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, 'என்னைவிட'. 'தேன் மீ' பேச்சில் எல்லா இடத்திலும் செல்லும். தேர்விலும் முறையான கடிதத்திலும் 'தேன் ஐ ஆம்' என்று வினையோடு முடியுங்கள். பொருள் குழம்பும் இடத்தில் வினை கட்டாயம்: 'ஐ லைக் காஃபி மோர் தேன் ஹிம்' என்றால் அவனையும் காபியையும் எடை போட்டது போலவும் ஆகும். 'தேன் ஹீ டஸ்' என்றால் குழப்பமில்லை.

நான்காவது, 'தேன்' ஏற்காத சொற்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரிஃபர் இவற்றுக்கு 'டு' வரும். இன்டர்வியூவில் 'ஹீ இஸ் சீனியர் தேன் மீ' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. 'சீனியர் டு மீ' என்று இன்றைக்கே பத்து முறை சொல்லிவிடுங்கள்.

9. 'அளவுக்கு இல்லை', 'எவ்வளவோ அவ்வளவு'

'இது அது அளவுக்கு இல்லை' என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். அதற்கு 'நாட் ஆஸ் ... ஆஸ்' இருக்கிறது: 'தி கிரீன் லைன் இஸ் நாட் ஆஸ் லாங் ஆஸ் தி பர்ப்பிள் லைன்.' நடுவில் பெயரடை மாறாமல் அப்படியே நிற்கும். சரியான வடிவம் நினைவுக்கு வராத நேரத்தில் இது கைகொடுக்கும் வழி. ஒருவர் மனம் நோகாமல் குறை சொல்லவும் உதவும்.

'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது' என்பது 'தி சூனர் தி பெட்டர்.' இரண்டு பக்கமும் 'தி', இரண்டு பக்கமும் ஒப்பீட்டு வடிவம். நம்முடைய எவ்வளவு, அவ்வளவு போலவே ஜோடியாக வருவதால் இதை எல்லாரும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

'குறைவு' என்பதற்குத் தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்': ஃபியூவர் பஸ்ஸஸ், லெஸ் டிராஃபிக்.

10. மூன்று வாரப் பழக்கம்

முதல் வாரம் ஐந்து கட்டச் சட்டம் மட்டும். ஒரு தட்டுச் சொற்களை வைத்து நாளுக்குப் பத்து வாக்கியம், வாய்விட்டு. கண்ணால் படிப்பது கணக்கில்லை. அல்சூரிலிருந்து மெட்ரோவில் போகும்போது ஜன்னலில் தெரிகிற இரண்டு கட்டடம், இரண்டு மரம் போதும்.

இரண்டாம் வாரம் தாடை எண்ணிக்கை. எழுதி வைத்த இருபது சொற்களையும் 'அர்', 'மோர்' என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். கற்பவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதிகளில் இந்த வடிவம் சொல்லின் பக்கத்திலேயே கொடுத்திருக்கும்.

மூன்றாம் வாரம் ஃபோனில் பதிவு செய்யுங்கள். இரண்டு வேலை, இரண்டு வீடு, இரண்டு ஊர் ஏதாவது ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசுங்கள். திரும்பக் கேட்கும்போது மூன்றை மட்டும் தேடுங்கள்: 'இஸ்' விட்டுப் போனதா, 'மோர்' இரண்டாவது முறை வந்ததா, 'வெரி' நுழைந்ததா. ஒரே தடவையில் எல்லாப் பிழையையும் பிடிக்கப் பார்த்தால் அடுத்த முறை வாய் திறக்கவே பயம் வந்துவிடும்.

பிறகு வீட்டு மேஜையில் ஓர் ஏலக்கியும் ஒரு பச்சைப்பழமும் வையுங்கள். யோசிக்காமல் ஆறு வாக்கியம் வந்தால் 'டாலஸ்ட்' பக்கம் போகலாம். வராவிட்டால் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்குப் புதிதாக இரண்டு வாங்கி வையுங்கள்.